இழைகளும் உள்ளகங்களும்

கணினியில் கணக்கிடும் பணியைச் செய்வது செயலி. தொடக்கக் காலச் செயலிகள் பெரும்பாலும் ஒரே உள்ளகத்தைக் கொண்டிருந்தன. 2001ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ‘பவர் 4’ என்னும் செயலியில் இரண்டு உள்ளகங்களை ஒரே சில்லில் அமைத்தது. இன்று கைப்பேசியிலேயே எட்டு உள்ளகங்கள் இருப்பது இயல்பாகிவிட்டது. ‘கோர்’ என வழங்கப்படும் ஒவ்வோர் உள்ளகமும் தனித்து இயங்கும் ஆற்றல் உடையது.

ஒரு நிரல் தன் வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும். தனித்தனியே நடைபெறும் அப்பகுதிகள் ‘இழைகள்’ எனப்படும். கணினி விளையாட்டில் காட்சியை ஆயத்தம் செய்வது ஓர் இழை; ஒலியை எழுப்புவது மற்றோர் இழை. எந்த இழை எந்த உள்ளகத்தில் இயங்க வேண்டும் என்பதை இயங்குதளம் முடிவு செய்கிறது. ஓர் உள்ளகத்தில் வேலை மிகுந்தால், ஓய்ந்திருக்கும் வேறோர் உள்ளகத்திற்கு இழையை மாற்றிவிடும்.

இம்மாற்றத்தால் இழப்பும் உண்டு. ஒவ்வோர் உள்ளகத்திற்கும் ‘கேச்’ என்னும் சிறிய விரைவு நினைவகம் உள்ளது. அடிக்கடி வேண்டப்படும் தரவுகள் அதில் தங்கும். மேசைமேல் நூல்களைப் பரப்பிப் படிக்கும் மாணவரை வேறு அறைக்கு அனுப்பினால், நூல்களை மீண்டும் கொணரும்வரை படிப்புத் தடைப்படும் அன்றோ? இடம் மாறிய இழையும் அவ்வாறே தரவுகளை மீண்டும் திரட்ட வேண்டியுள்ளது.

இதனைத் தவிர்க்க, இழையைக் குறிப்பிட்ட உள்ளகங்களோடு பிணைக்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தில் ‘டாஸ்க்செட்’ என்னும் கட்டளை இதற்கு உதவுகிறது. அதில் உள்ளகங்கள் 0 முதல் எண்ணப்படும். 0, 1, 2 ஆகிய உள்ளகங்களின் மதிப்புகள் முறையே 1, 2, 4 ஆகும். 0, 2 ஆகிய இரண்டில் மட்டும் நிரலை இயக்க விரும்புவோர், 1ஐயும் 4ஐயும் கூட்டி, 5 என்னும் எண்ணைக் கொடுப்பர்.

ஆயினும், பிணைப்பு எப்போதும் நன்மை தராது. மிகுந்த வேலையுள்ள இரண்டு இழைகளை ஒரே உள்ளகத்தில் பிணைத்தால், பிற உள்ளகங்கள் ஓய்ந்திருந்தாலும் ஒன்றற்காக மற்றொன்று காத்திருக்கும். மேலும், பிணைத்த உள்ளகம் அந்த இழைக்கே உரியதாகிவிடாது. பிற நிரல்களும் அங்கு இயங்கலாம். ஆலைப் பொறியை இயக்கும் இழை உரிய நேரத்தில் இயங்கத் தவறினால் தீங்கு நேரும். அத்தகைய இடங்களில் பிற நிரல்களை விலக்கி, ஓர் உள்ளகத்தையே அதற்கென ஒதுக்குவர். பிணைப்பதற்கு முன்னும் பின்னும் வேகத்தை அளந்து பார்ப்பதே அறிவுடைய செயலாகும்.

சொற்பொருள்
ஆயத்தம் – முன்னேற்பாடு
கொணர்தல் – கொண்டு வருதல்
திரட்டுதல் – ஒன்றுசேர்த்தல்

பயிற்சி
1. இழை இடம் மாறும்போது வேகம் குறைவது ஏன்?
2. 1, 2 ஆகிய உள்ளகங்களில் மட்டும் நிரலை இயக்க எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்?
3. பிரித்து எழுதுக: இம்மாற்றம், ஒவ்வோர்.