16 பவுண்டா, 18.5 பவுண்டா?

அமெரிக்காவில் 1911 ரகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அடிக்கடி மாற்றும் உதிரி பாகம் ரீகாயில் ஸ்பிரிங். துப்பாக்கி செய்த கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஸ்பிரிங் மட்டுமே செய்து விற்கும் கம்பெனிகளும் அங்கே உண்டு. பென்சில்வேனியாவில் இருக்கும் வுல்ஃப் அவற்றில் பேர்போனது. அவர்களிடம் ஒரு ஸ்பிரிங் கேட்டால் பாக்கெட்டில் இரண்டு வரும். நீளமானது நாம் கேட்டது. கூடவே சுண்டுவிரல் அளவில் ஒரு பொடிசு. இந்தப் பொடிசு எதற்கு என்பதற்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம். பெரியதற்கு 16 என்றோ 18.5 என்றோ ஓர் எண் போட்டிருக்கும். அதை மாட்டியபின் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவசரமில்லை. டீயைக் குடித்தபடியே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. பேரும் அந்த ஆண்டிலிருந்தே வந்தது. கையில் பிடிக்கும் கீழ்ப்பகுதி ஃபிரேம். அதன் மேல் காடியில் முன்னும் பின்னும் ஓடும் கனத்த இரும்புத் துண்டு ஸ்லைடு. சுட்டதும் குண்டு முன்னால் போகிறது, ஸ்லைடு பின்னால் வருகிறது. வரும் வழியிலேயே காலித் தோட்டாவை இழுத்து வெளியே எறிந்துவிடுகிறது. சுடும் ஊசியை அடிக்கும் சுத்தியலான ஹேமரையும் மடக்கி வைத்துவிடுகிறது. குழலுக்கு அடியில் இருக்கும் ரீகாயில் ஸ்பிரிங் அதற்குள் நன்றாகச் சுருங்கியிருக்கும். அது விரியும்போது ஸ்லைடை முன்னால் தள்ளும். ஸ்லைடு மேகசினின் உச்சியில் இருக்கும் அடுத்த தோட்டாவை உருவி, சேம்பருக்குள், அதாவது தோட்டா உட்காரும் அறைக்குள் செருகி, வாயை அடைத்துப் பூட்டிக்கொள்ளும். அடுத்து சுட ட்ரிகரை மறுபடி இழுக்க வேண்டும். மற்றதெல்லாம் தானாக நடந்துவிட்டது. செமி ஆட்டோமேட்டிக் என்பது இதைத்தான்.

ஹோட்டல் சமையலறை வாசலில் ஸ்பிரிங் வைத்த அரைக்கதவைப் பார்த்திருப்போம். இரண்டு கையிலும் தட்டுகளோடு வரும் சர்வர் அதைக் காலால் உதைத்துத் திறப்பார். திறப்பது உதை, மூடுவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமாக இருந்தால் கதவு அரைகுறையாகத் திறந்து, அவர் உள்ளே போவதற்குள் திரும்பி வந்து தட்டில் இடிக்கும். ரொம்பத் தளர்ந்துபோனால் பின்னால் சுவரில் போய் மோதும், திரும்பி வரும்போது முழுசாக மூடாது. ரீகாயில் ஸ்பிரிங்கின் கதையும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஆனால் புதிதாக வாங்குகிறவர் எவரிடம் கேட்டாலும் வேறு பதில் வரும். 'பின்னுதைப்பைத் தாங்கிக்கொள்ளத்தான் அந்த ஸ்பிரிங். இன்னும் பலமாகப் போட்டால் கையில் அடிப்பது குறையும்.' விவரம் தெரிந்தவர்கள்கூட இதைச் சொல்லக் கேட்கலாம். இந்த இடத்தில் சற்று நின்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பிறகு வரும் சோதனைகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

பள்ளியில் படித்த உந்தம் நினைவிருக்கும்: நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. இந்தத் துப்பாக்கியின் வழக்கமான .45 குண்டு 230 கிரெய்ன், நம் கணக்கில் 15 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வேகம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 3.7 வருகிறது. குண்டு முன்னால் எவ்வளவு உந்தத்தை எடுத்துப்போகிறதோ அவ்வளவு பின்னால் ஸ்லைடுக்கு வந்தாக வேண்டும். இப்போது ஸ்பிரிங்கின் பக்கம் வருவோம். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த நேரத்தில் ஸ்லைடு நகர்வது சில மில்லிமீட்டர். மாட்டும்போதே இருந்த சுருக்கத்துக்கு மேல் ஸ்பிரிங் இன்னும் அதிகம் சுருங்கவில்லை. அது கொடுக்கும் எதிர்விசை சுமார் 3 கிலோ எடைக்குச் சமம், அதாவது 30 நியூட்டன் போல. ஆயிரத்தில் ஒரு நொடிக்கு 30 நியூட்டன் என்றால் 0.03. மொத்த 3.7-இல் இது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஸ்பிரிங்கின் பலத்தை இரட்டிப்பாக்கினாலும் நூற்றில் இரண்டை எட்டாது. குண்டு வெளியேறும்போது ஸ்லைடு எவ்வளவு வேகத்தில் வர வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. ஸ்பிரிங்கை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

சுடும்போது சேம்பரின் வாயை மூடிப் பிடித்திருப்பதும் ஸ்பிரிங் இல்லை. 1911-இல் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சேர்ந்தே பின்வாங்கும். குண்டு போய், உள்ளே அழுத்தம் இறங்கியபிறகுதான் குழல் கீழே இறங்கி ஸ்லைடை விடும்.

'ஆனால் ஸ்பிரிங்கை மாற்றினால் கையில் வித்தியாசம் தெரிகிறதே?' நியாயமான கேள்விதான். தெரியும். மொத்தம் மாறாது, அது கைக்கு வந்துசேரும் விதம் மாறும். பலமான ஸ்பிரிங் போட்டால் ஸ்லைடு பின்கோடியில் ஃபிரேமில் மோதுவது கொஞ்சம் மென்மையாகும். அதற்குப் பதில் கையைத் தள்ளுவது முன்கூட்டியே தொடங்கும். திரும்பி மூடும்போதோ ஸ்லைடு அறைந்து மூடும், குழல்வாய் கீழே ஒரு குனிவு குனியும். வேகமாக அடுத்தடுத்துச் சுடும் போட்டிக்காரர்களுக்குத் தொல்லை தருவது இந்தக் குனிவுதான். அவர்களில் பலர் வீரியம் குறைந்த தோட்டாக்களோடு 12, 14 பவுண்டு ஸ்பிரிங்கைத் தேடிப்போவதற்குக் காரணம் இது. பலமானதே நல்லது என்று நினைப்பவர்கள் இவர்களிடம் ஒரு மணி நேரம் பேசிப் பார்க்கலாம்.

இனி அந்த எண். 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ, என்பது ஸ்லைடு முழுவதும் பின்னால் வந்து நிற்கும்போது ஸ்பிரிங் தள்ளும் விசை. வழியில் எங்கே எவ்வளவு தள்ளும் என்பதை அது சொல்லாது. கம்பியின் கனம், சுற்றுகளின் எண்ணிக்கை, மாட்டுவதற்கு முன் இருக்கும் நீளம் இவற்றைப் பொறுத்து, ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி ஸ்பிரிங்குகள் தொடக்கத்தில் வேறு வேறு மாதிரி தள்ளலாம். இதே துப்பாக்கியின் குட்டை வடிவமான கமாண்டருக்கு 18 பவுண்டுதான் சாதாரண அளவு. ஸ்லைடு எடை குறைவு என்பதால் அப்படி. ஆகவே ஒரு ரகத்தின் எண்ணை இன்னொரு ரகத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். முதல் பாதி மேசையிலேயே முடிந்துவிடும். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்தபிறகே மற்றது. 1911-ஐப் பிரிக்கும்போது ஸ்பிரிங்கின் முன்முனையை மூடியிருக்கும் குப்பி மாதிரியான மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது அறையின் எந்த மூலைக்குப் போனது என்று தேட வேண்டியதுதான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புதியது நீளமாக இருக்கும். அதைக் கண்டு மகிழ வேண்டாம். புது ஸ்பிரிங் முதல் சில தடவை முழுசாகச் சுருங்கி விரிந்ததும் கொஞ்சம் நீளம் குறையும், அது இயல்பு. அளப்பதானால் அதற்குப் பிறகு அளக்கலாம்.

அடுத்து, ஸ்லைடு முழுத் தூரமும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பலமான ஸ்பிரிங்கில் கம்பி கனமாகவோ சுற்று அதிகமாகவோ இருக்கும். ஸ்லைடு கடைசிவரை வருவதற்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது ஸ்பிரிங்காக இருப்பதை நிறுத்திவிட்டு ஒரு குழாயாகிவிடும். மோதல் எல்லாம் அதன் வழியே பாகங்களில் இறங்கும். ஸ்லைடைப் பின்னால் தடுத்து நிறுத்தும் கொண்டியின் பள்ளத்தைத் தாண்டி இன்னும் சிறிது தூரம் ஸ்லைடு போனால் இடம் இருக்கிறது என்று பொருள். மோதலைக் குறைக்க உள்ளே ஒரு வாஷர் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த வாஷர் தின்னும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிறகு குழல்வாயை மேலே பார்த்துத் தூக்கிப் பிடித்து, காலித் துப்பாக்கியின் ஸ்லைடை இழுத்து, கையை விட்டுவிடாமல் மெதுவாகத் திரும்ப விட வேண்டும். கடைசி சில மில்லிமீட்டரை அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நின்றால் ஸ்பிரிங்கைத் திட்டுவதற்கு முன் காடியைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பார்ப்பது நியாயம். க்ளாக் என்ற இன்னொரு ரகத் துப்பாக்கிகளில் இந்தச் சோதனைக்கு மதிப்பு இன்னும் அதிகம்: அங்கே ஸ்லைடு மூடும் கடைசித் தூரத்தில் சுடும் ஊசியின் ஸ்பிரிங்கையும் ரீகாயில் ஸ்பிரிங்தான் எதிர்த்துத் தள்ள வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங் அங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மீதிப் பாதி துப்பாக்கிச் சுடும் மைதானத்தில். இங்கேதான் பலரும் முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: முதலில் பழைய ஸ்பிரிங்கோடு சுட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாமல் புதியதைப் பற்றி என்ன சொல்வது? அதே துப்பாக்கி, அதே பெட்டித் தோட்டா, அதே கை. ஸ்பிரிங் மட்டும் மாற வேண்டும்.

மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டால் ஸ்லைடு பின்னால் நின்றுகொள்ள வேண்டும். நிற்காவிட்டால் அந்தத் தோட்டாவுக்கு அந்த ஸ்பிரிங் அதிகமாக இருக்கலாம். இதை வைத்திருப்பதிலேயே மென்மையான தோட்டாவில் செய்து பார்க்க வேண்டும். வீரியமான தோட்டா எந்தக் குறையையும் மறைத்துவிடும். பின்பு மேகசின் முழுக்கப் போட்டு, கடைசியாக ஒரு கையில், பிடியைச் சற்றுத் தளர்த்தியும் சுட்டுப் பார்க்கலாம். ஃபிரேம் கையில் ஊன்றி நின்றால்தான் ஸ்லைடு அதன் மேல் முழுத் தூரம் ஓடும். கை துவண்டால் அந்த ஓட்டமும் குறையும். காலித் தோட்டா வெளியே போகாமல் ஸ்லைடுக்கு நடுவே நட்டுக்கொண்டு நின்றால் ஸ்பிரிங் அதிகப்படியாக இருக்கலாம். அடுத்த தோட்டா பாதி உள்ளே போய், ஸ்லைடு மூடாமல் நின்றால் பெரும்பாலும் போதாத ஸ்பிரிங்.

காலித் தோட்டா எங்கே விழுகிறது என்பதும் ஒரு துப்பு. மூன்று முதல் ஆறு அடிக்குள் விழுந்தால் ஸ்பிரிங் ஏறக்குறைய சரி என்பது அங்கே வழங்கும் கணக்கு. காலடியிலேயே விழுந்தால் ஸ்பிரிங் கடினம், பன்னிரண்டு அடி தள்ளிப் பறந்தால் மென்மை. எனக்கு இந்தக் கணக்கில் பாதி நம்பிக்கைதான். தோட்டாவைப் பிடித்திழுக்கும் கொக்கியும் தட்டிவிடும் முளையும் அது போகும் திசையிலும் தூரத்திலும் பங்கு வைத்திருக்கின்றன. பழைய ஸ்பிரிங்கில் விழுந்த இடத்துக்கும் புதியதில் விழும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்பலாம்.

இப்போது அந்தப் பொடிசு. பலமான ஸ்பிரிங் ஸ்லைடை அறைந்து மூடும் என்று பார்த்தோம். ஸ்லைடு சட்டென்று நின்றாலும் அதற்குள் இருக்கும் சுடும் ஊசி வந்த வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். முன்னால் இருப்பதோ புதுத் தோட்டாவின் பின்புறம். ஊசியைப் பின்னுக்குப் பிடித்து வைப்பது அதன் மேல் சுற்றியிருக்கும் சின்ன ஸ்பிரிங். மூடும் வேகம் கூடினால் அதன் பிடியும் கூட வேண்டும். அதனால்தான் வுல்ஃப் பாக்கெட்டில் பலமான சின்ன ஸ்பிரிங் ஒன்றும் சேர்ந்து வருகிறது. அதை மாட்டாமல் மேசை டிராயரில் போட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். மேகசினுக்கும் இதே நெருக்கடி உண்டு. ஸ்லைடு மின்னலாகத் திரும்பினால் அடுத்த தோட்டாவை உரிய உயரத்துக்குத் தூக்க மேகசின் ஸ்பிரிங்குக்கு நேரம் போதாது. ஸ்லைடு அந்தத் தோட்டாவின் தலைக்கு மேல் தாண்டிப்போய்விடும்.

வழக்கமான 230 கிரெய்ன் தோட்டா மட்டும் சுடுகிறவருக்கு 16 போதும் என்பது என் அபிப்பிராயம். அதைவிட வீரியமான தோட்டா போட்டு, காலித் தோட்டா பக்கத்து மேசைவரை பறக்கிறது என்றால் 18.5-ஐ எடுக்கலாம். எதை எடுத்தாலும், கழற்றியதைப் பாக்கெட்டில் போட்டு எண்ணையும் தேதியையும் மேலே எழுதிவிடுங்கள். பாக்கெட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் எது 16, எது 18.5 என்று கண்ணால் பார்த்துச் சொல்வது மிகவும் கடினம்.