பிளாக் கிடைக்கும் வரை

நம் சங்கத்தின் உறுப்பினர் கையேடு அச்சாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அதிலுள்ள தொலைபேசி எண்களில் எத்தனை இன்றைக்கு மணி அடிக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, நாக்பூரில் தனித்திருக்கும் மூத்த தம்பதியர் நம்மிடையே எத்தனை பேர் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுராத்திரியில் உடம்புக்கு ஏதாவது என்றால், அடுத்த தெருவிலேயே ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதுகூடத் தெரியாது.

இதற்காகத்தான் 2025-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு கைப்பேசிச் செயலி செய்வதென்று செயற்குழு தீர்மானித்தது. பொத்தானை அழுத்தினால் அருகிலிருக்கும் தொண்டர் வீட்டுக்கு அழைப்பு போக வேண்டும். அவ்வளவுதான். நம் உறுப்பினர் ஒருவரின் மகள், பொறியியல் கடைசி வருட மாணவி, எழுதித் தர முன்வந்தாள். சோதனை பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. "ரயில்வேல நீங்க டெஸ்ட் பண்ணாம எதையும் விட மாட்டீங்களே மாமா, இதையும் பார்த்துக் குடுங்க" என்றாள். மறுக்க முடியவில்லை.

ஐந்து வாரத்தில் எழுதி முடித்துவிட்டாள். அது உறுப்பினர் கைக்கு வந்து சேர மேலும் பத்து வாரம் ஆயிற்று. அந்தப் பத்து வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று இதே தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்தும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துகொண்டு "ரிவ்யூல இருக்குப்பா" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பதாவது பெற்றோருக்கு விளங்கட்டும்.

கைப்பேசிச் செயலிக்கு உலகத்தில் பெரிய கடைகள் இரண்டு. ஆப்பிளின் கடை 2008 ஜூலையில் 500 செயலிகளோடு திறந்தது. கூகுளின் கடை அதே வருடம் அக்டோபரில் வேறு பெயரில் தொடங்கி, 2012-இல் பிளே ஸ்டோர் ஆயிற்று. கூகுளிடம் ஒரே தடவை 25 டாலர் கட்டிக் கணக்குத் திறக்கலாம். ஆப்பிளிடம் வருடா வருடம் 99 டாலர். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன். ஆனால் நம் மூத்தவர்களில் சிலரிடம், அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை புதியது வாங்கிக்கொண்டு பழையதை அப்பாவிடம் விட்டுப் போன ஐபோன் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் தனியாக இருப்பவர்கள். ஆகவே இரண்டு கடையும் ஏற வேண்டியதாயிற்று.

கடையில் வைக்கும் முன் அவர்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். கம்ப்யூட்டரும் சலித்துப் பார்க்கிறது, ஆட்களும் பார்க்கிறார்கள். தொண்ணூறு சதவீதத்தை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆப்பிள் சொல்கிறது. ஏழு நாள் வரை ஆகலாம், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம் என்று கூகுள் சொல்கிறது. இது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. புது ரயில் பாதை போட்டால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் டிராலியில் வந்து பார்த்துச் சம்மதம் தராமல் பயணிகள் வண்டி விட முடியாது. 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தில் அப்படி இருக்கிறது. அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். வேலை செய்தவனே தன் வேலைக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதிலுள்ள நியாயம். ஒரு குறும்பாதை மாற்றுப் பணியில் இரவு பகலாய் உழைத்து முடித்துவிட்டு நின்றபோது, லெவல் கிராசிங்கில் செக் ரெயில் இடைவெளி சரியில்லை என்று ஆணையர் குறித்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. அளந்து பார்த்தால் தப்பு என்னுடையதுதான்.

எங்கள் செயலி முதல் தடவை திரும்பி வந்ததும் அப்படித்தான். உறுப்பினர் எண்ணைப் போட்டால் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால் உள்ளே போகலாம் என்று அமைத்திருந்தோம். எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து பரிசீலிப்பவருக்கு நாக்பூர் தமிழ்ச் சங்கத்து ஓ.டி.பி. எப்படிப் போகும்? கதவைப் பூட்டிச் சாவியை நம் இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? பரிசீலிப்பவருக்கென்று தனியாக ஓர் எண்ணும் மாறாத கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நாங்கள் படிக்கவில்லை. கணக்கைத் திறக்க வழி வைத்தால் அதை அழிக்கவும் செயலிக்குள்ளேயே வழி வைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆப்பிள் இதை 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அதையும் சேர்த்தோம். ஆள் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கும் அனுமதியை முதலில் கேட்டிருந்தோம். அது இருந்தால் பரிசீலனை இன்னும் நுணுக்கமாக நடக்கும். யோசித்துப் பார்த்ததில், எல்லோருடைய விலாசமும்தான் சங்கத்தில் இருக்கிறதே, அது எதற்கு என்று எடுத்துவிட்டோம். கேட்காமல் முடியும் எதையும் கேட்காதிருப்பது நல்லது.

அடுத்தது ஆள் சேர்ப்பது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் திறந்த கணக்கு என்றால், கூகுளின் கடையில் எல்லோருக்கும் வெளியிடும் முன், குறிப்பிட்ட பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். நான் சரியாகப் பன்னிரண்டு பேரைப் பிடித்தேன். ஒன்பதாம் நாள் அன்பர் ஒருவர், எதையோ அழுத்தப் போய், 'சோதனையிலிருந்து விலகுகிறேன்' என்பதை அழுத்திவிட்டார். பன்னிரண்டு பதினொன்று ஆயிற்று. முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. முப்பத்தைந்து வருடம் கையிருப்பில் உபரி ஃபிஷ்பிளேட் இல்லாமல் லைனுக்குப் போகாதவன், இதில் உபரி ஆள் வைக்க மறந்தேன். இரண்டாம் தடவை பதினெட்டுப் பேர்.

இனிச் சொல்லப் போவதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இரண்டாவது சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி ஒருவர் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறார். தன் தெருத் தொண்டருக்குப் பதிலாக வேறொரு பேட்டையில் இருக்கும் அம்மாள் எடுத்திருக்கிறார். இருவரும் கொலுப் படியைப் பற்றி அரை மணி பேசிவிட்டு வைத்துவிட்டார்கள். மறுநாள் வேறு ஏதோ பேச்சினிடையே மாமி இதை என்னிடம் சொன்னார். பெண்ணிடம் சொன்னேன். பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தொண்டர்களை வரிசை எண்ணைக் கொண்டு பிடித்து வைத்திருந்தாள். புதிதாக ஒருவரைப் பட்டியலின் தலையில் சேர்த்ததும் எல்லோரும் ஓர் இடம் நகர்ந்துவிட்டார்கள். எஞ்சினுக்குப் பின்னால் கூடுதலாக ஒரு பெட்டி கோர்த்தால், எஸ்-5 நிற்கும் இடத்தில் எஸ்-4 வந்து நிற்குமே, அதேதான். திங்கட்கிழமை மாலைக்குள் திருத்திக் கடைக்கு அனுப்பியாயிற்று. எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அந்த வாரம் அங்கே கூட்டம் போலும். திருத்தியது வரிசையில் நின்றது.

புதன்கிழமை இரவு பதினொன்றரை இருக்கும். மனீஷ் நகரில் இருக்கும் பெரியவர் ஒருவர், மனைவி மகள் பிரசவத்துக்கு பெங்களூர் போயிருந்ததால் தனியாக இருந்தவர், நெஞ்சை அடைத்து வேர்த்துக் கொட்டியதும் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் தொண்டருக்குப் போக வேண்டிய அழைப்பு, சதர் பக்கத்து அன்பருக்குப் போயிற்று. அவரோ சென்னை போகும் வண்டியில் இருந்தார், சிக்னல் இல்லை. இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, நல்ல வேளையாக என் எண்ணை மனப்பாடமாக வைத்திருந்ததால் எனக்குப் போட்டார். நான் அந்தத் தொண்டரைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடத்தில் காரோடு வாசலில் நின்றார் அவர். நான் அஜ்னியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். இருதயம்தான். மூன்று நாள் ஐ.சி.யு. இப்போது நன்றாக இருக்கிறார். பெயர் போடாமல் எழுத அனுமதியும் கொடுத்தார்.

"நீங்க குடுத்த பட்டனைத்தான் சார் அழுத்தினேன்" என்றார் மறுநாள். குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அந்தப் பெண் போனில் அழுதாள். "நான் திங்கட்கிழமையே ஃபிக்ஸ் பண்ணி அனுப்பிட்டேன் மாமா." அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். தண்டவாளம் வந்து இறங்கி, ஆட்கள் கடப்பாரையோடு நிற்க, வண்டிகளை நிறுத்திப் பாதையை நம்மிடம் ஒப்படைக்கும் அந்த பிளாக் மட்டும் கிடைக்காமல் காத்திருப்பது என் உத்தியோகத்தில் அன்றாடம் நடந்தது. இரண்டு மணி நேரம் கேட்டால் முக்கால் மணி நேரம் கிடைக்கும், அதுவும் நாளைக்கு. ஆனால் பிளாக் வரும் வரை பாதையில் விரிசல் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் இருந்தோமா? வேகக் கட்டுப்பாடு போட்டு, டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுத்து, பலகை நட்டு, ஆளையும் நிறுத்துவோம். திங்கட்கிழமையே எனக்கு விஷயம் தெரியும். பதினெட்டுப் பேருக்குப் பதினெட்டு போன். ஒரு மணி நேர வேலை. நான் செய்யவில்லை. 'சோதனைதானே' என்று இருந்துவிட்டேன். சோதனை என்ற சொல் நமக்குத்தான். எழுபத்தாறு வயதில் தனியாக இருப்பவர் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டால் அவருக்கு அது பொத்தான்தான்.

வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் போன் செய்தேன். அவரவர் தொண்டர் எண்ணைப் பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதி நேரிலும் கொண்டுபோய்க் கொடுத்தோம். திருத்திய செயலி சனிக்கிழமை வெளிவந்தது.

அதன் பிறகு முறையை மாற்றினோம். தொண்டர் பட்டியலைச் செயலிக்குள் வைக்காமல் சங்கத்தின் கணக்கில் இணையத்தில் வைத்திருக்கிறாள். ஓர் எண் மாறினால் கடைக்குப் போக வேண்டாம், அங்கேயே மாற்றலாம். பொத்தானை நிறுத்தி வைத்து 'இப்போது இந்த எண்ணுக்கு நேரே கூப்பிடவும்' என்று காட்டவும் வழி வைத்தாயிற்று. இதைப் பயன்படுத்திப் பரிசீலிப்பவர் கண்ணில் காட்டாத புது வேலைகளை நுழைப்பதை இரண்டு கடையுமே அனுமதிப்பதில்லை. பட்டியலை மாற்றலாம், இயந்திரத்தை மாற்றக் கூடாது. கூகுளில் நூறு பேர் வரை உள்வட்டச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. அதில் போட்டது பெரும்பாலும் சீக்கிரமே கைக்கு வந்துவிடுகிறது. ஆப்பிளின் டெஸ்ட்ஃப்ளைட்டிலும் கணக்கில் சேர்ந்த நூறு பேர் வரை பரிசீலனைக்குக் காத்திராமல் பார்க்கலாம். வெளியாட்கள் பத்தாயிரம் பேர் வரை சேர்க்கலாம், ஆனால் அவர்களுக்கு முதல் தடவை கொடுக்கும் முன் பரிசீலனை உண்டு. எதுவானாலும் 90 நாளில் காலாவதியாகிவிடும். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் ஐந்து பேரை உள்வட்டத்தில் வைத்தே அந்தப் பிழையைப் பிடித்திருப்போம்.

வரிசையில் நிற்கும்போது பொறுமையிழந்து திரும்ப எடுத்து, இன்னொன்றைச் சேர்த்து மறுபடி அனுப்பினால் திரும்பவும் கடைசியில்தான் நிற்க வேண்டும். ஒரு தடவை நான் சொல்லித்தான் அப்படிச் செய்தாள், இரண்டு நாள் போயிற்று. விழாத் தேதி போன்ற நெருக்கடி இருந்தால் அவசரப் பரிசீலனை கேட்க ஆப்பிளில் வழி உண்டு. ஆனால் சும்மாச் சும்மாக் கேட்டால் மதிப்பிருக்காது. அதைவிட, சம்மதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, நாம் சொல்லும் நாளில் வெளியிடும்படி அமைக்கலாம். இரண்டு கடையிலும் அந்த வசதி இருக்கிறது. விஜயதசமிக்கு வெளியீடு என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டுச் செயற்குழு பட்ட அவதி எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அடுத்த பதிப்பில் ரத்த தானம் செய்வோர் பட்டியல் வருகிறது. சோதனைக்கு இருபது பேர் வேண்டும். அதில் நான்கு பேராவது ஐபோன் வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. கண் மங்கியவர்கள், விரல் நடுங்குகிறவர்கள் தயங்க வேண்டாம், அவர்கள்தான் முக்கியமாகத் தேவை. பெயர் கொடுப்பவர்களுக்கு முதல் நாளே எண்கள் எழுதிய காகிதம் ஒன்று வீட்டுக்கு வரும். மனீஷ் நகர்ப் பெரியவர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். ஃபிரிட்ஜில் ஒட்டிய காகிதத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.