சுட்டி உடனே இயங்குகிறது, தொடுதிரை ஏன் அடம்பிடிக்கிறது?

சுட்டி தான் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே அனுப்புகிறது. எளிய யூஎஸ்பி சுட்டிக்கு 3 பைட் போதும்: பொத்தான்களுக்கு ஒன்று, கிடைமட்ட நகர்வுக்கு ஒன்று, செங்குத்து நகர்வுக்கு ஒன்று. செருகியதும் தன் தரவின் அமைப்பைத் தானே விவரித்துவிடுவதால், ஒரே பொது டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) பல நிறுவனங்களின் சுட்டிகளுக்கும் பொருந்துகிறது.

தொடுதிரை அப்படியல்ல. விரல் பட்டதும் மின்தேக்குதிறன் மாறும்; திரையின் சில்லு அதிலிருந்து விரல் பட்ட புள்ளியைக் கணித்து, செயலிக்குக் குறுக்கீட்டுச் சமிக்ஞை தரும். டிரைவர் அந்தப் புள்ளியைப் படித்து, ஒவ்வொரு விரலையும் தனி எண்ணால் அடையாளம் கண்டு தொடர வேண்டும். இல்லையேல் இரு விரலால் படத்தைப் பெரிதாக்கும்போது விரல்கள் ஒன்றோடொன்று குழம்பும். பல மடிக்கணினிகளில் தொடுதிரை, சில்லுகளை இணைக்கும் ஐ2சி தடத்தில் இணைகிறது. இத்தடத்தில் உள்ள கருவி தன்னைத் தானே அறிவிக்காது. அதன் முகவரியைக் கணினியின் ஃபர்ம்வேர் அட்டவணைதான் தர வேண்டும். அட்டவணை பிழையானால், டிரைவர் எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும் தொடுதிரை இயங்காது. பெரும்பாடு இங்கேதான்.

டிரைவர் எப்படி எழுதப்படுகிறது என்பதை மாணவர்களும் நேரில் பார்க்கலாம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் உரியதாக இருந்தது. அந்த மடிக்கணினிகள் சிலவற்றில் இடம்பெற்ற பாஸ் (BOSS) என்ற இயங்குதளம் இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அது லினக்ஸ் கர்னலில் இயங்குவதால், அதன் சுட்டி டிரைவரின் மூலநிரலை மாணவர் எவரும் திறந்து படிக்கலாம்.