களர் நிலமும் வேதிச் சமநிலையும்

உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ், ரே பரேலி, மைன்புரி போன்ற மாவட்டங்களில் கோடைக் காலத்தில் பயணம் செய்வோர், பசுமையான வயல்களுக்கிடையே வெண்ணிறப் படிவு மூடிய வெற்று நிலங்களைக் காணலாம். அங்குள்ள மக்கள் அந்நிலத்தை 'ஊசர்' என்றும், வெண்படிவை 'ரேஹ்' என்றும் அழைக்கின்றனர். துணி வெளுக்கச் சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்தி வந்த மண் அது. அழுக்கைப் போக்கும் அதன் காரத்தன்மையே பயிரை வளரவிடாமலும் தடுக்கிறது. தமிழில் இத்தகைய நிலத்திற்குக் 'களர்' என்று பெயர்.

இந்தியாவில் உப்பினால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் சுமார் 38 லட்சம் ஹெக்டேர் களர் நிலமாகும். எஞ்சியது உவர் நிலம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 13 லட்சம் ஹெக்டேருக்கு மேல் களர் நிலம் உள்ளது. இதனைச் சீர்திருத்தும் பணி வேளாண்மைத் துறையினுடையது என்றாலும், அப்பணியின் வெற்றி தோல்வி ஓர் எளிய வேதியியல் விதியைப் பொறுத்திருக்கிறது. அவ்விதியை நிர்வாகத்தில் உள்ளோரும் அறிந்திருப்பது அவசியம்.

நீரில் நிலவும் சமநிலை

தூய நீரிலும் மிகச் சில மூலக்கூறுகள் ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சில் அயனியாகவும் பிரிந்திருக்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில் இப்பிரிவு உள்ளது. பிரிதலும் மீண்டும் சேர்தலும் இடையறாது சம வேகத்தில் நிகழ்கின்றன. இதுவே சமநிலை. ஓர் அயனி மிகுந்தால் மற்றது குறையும். இரண்டின் பெருக்கற்பலன், வெப்பநிலை மாறாத வரையில் மாறுவதில்லை. ஹைட்ரஜன் அயனி மிகுந்தால் கரைசல் அமிலம். ஹைட்ராக்சில் அயனி மிகுந்தால் காரம்.

இதனை அளக்க டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் 1909ஆம் ஆண்டில் பி.எச். எண்ணை வகுத்தார். நடுநிலை 7. இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு மாற்றத்தைக் குறிக்கும். மண் ஆய்வு அறிக்கையில் ஒரு வயலுக்கு 8 என்றும் அடுத்த வயலுக்கு 10 என்றும் இருந்தால், வேறுபாடு சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் வயலின் காரத்தன்மை நூறு மடங்கு மிகுதி.

சோடியத்தின் தீங்கு

சாதாரணச் சுண்ணாம்புச் சத்து மட்டும் உள்ள மண்ணில் பி.எச். பெரும்பாலும் 8.5ஐத் தாண்டுவதில்லை. அது 9, 10 என உயர்ந்தால் அங்கே சோடியம் கார்பனேட் இருப்பதாகக் கொள்ளலாம். இவ்வுப்பு நீரில் கரையும்போது, அதன் கார்பனேட் அயனி நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு பைகார்பனேட்டாக மாறுகிறது. ஹைட்ராக்சில் அயனி எஞ்சி நிற்கிறது.

மேலும், களிமண் துகள்களின் மீது கால்சியத்திற்குப் பதிலாகச் சோடியம் ஒட்டிக்கொள்ளும்போது துகள்கள் ஒன்றையொன்று விலக்கிச் சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. மழை பெய்தால் நீர் தேங்குகிறது; வெயில் அடித்தால் நிலம் பாறைபோல் இறுகுகிறது. வேர் இறங்க வழியில்லை.

உரமும் வீணாகிறது. யூரியா மண்ணில் அம்மோனியம் அயனியாகிறது. அம்மோனியத்திற்கும் அம்மோனியா வாயுவிற்கும் இடையே ஒரு சமநிலை உண்டு. பி.எச். ஏறத்தாழ 9.2 அளவில் இரண்டும் சரிபாதியாக உள்ளன. அதற்கு மேல் வாயுவின் பங்கே அதிகம். அரசு மானியம் பெற்று வயலில் இடப்படும் உரத்தின் கணிசமான பகுதி காற்றில் கலந்துவிடுகிறது.

ஜிப்சம் செய்யும் பணி

ஒரு சமநிலையைக் குலைத்தால், அம்மாற்றத்தை எதிர்க்கும் திசையில் அது நகரும் என்பதை பிரான்ஸ் நாட்டு அறிஞர் லெ சாட்லியர் 1884ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். களர் சீர்திருத்தத்தின் அடிப்படை இதுவே.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 கிராம் கரையும். அதிலிருந்து வெளிவரும் கால்சியம் இரு பணிகளைச் செய்கிறது. முதலாவது, கார்பனேட்டுடன் சேர்ந்து எளிதில் கரையாத சுண்ணாம்பாகப் படிகிறது. கார்பனேட் குறையவே ஹைட்ராக்சிலும் குறைகிறது. இரண்டாவது, களிமண் துகளிலிருந்து சோடியத்தை வெளியேற்றித் தான் அவ்விடத்தில் அமர்கிறது. வெளியேறிய சோடியம், சல்பேட்டாக நீரில் கரைந்து நிற்கிறது.

1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கர்னால் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் இதற்கான முறையை வகுத்தளித்தது. நிலத்தைச் சமன் செய்து வரப்பு அமைத்து, ஹெக்டேருக்குச் சுமார் 10 முதல் 15 டன் ஜிப்சத்தை மேல்மண்ணில் கலந்து, சில நாட்கள் நீரைத் தேக்கி வைத்து, முதற்பயிராக நெல் நட வேண்டும். நெல் களரைத் தாங்கும் பயிர். தேங்கிய நீரில் அதன் வேர்கள் வெளியிடும் கரியமில வாயு, மண்ணில் ஏற்கெனவே உள்ள சுண்ணாம்பையும் சிறிது சிறிதாகக் கரைத்து மேலும் கால்சியத்தைத் தருகிறது. ஆகவே ஆய்வகம் கணக்கிடும் ஜிப்சத் தேவையில் பாதி அளவே போதுமானதாகிறது.

வடிகால் இல்லையேல்

துகளை விட்டு வெளியேறிய சோடியம் அதே இடத்தில் தங்கிவிட்டால் என்ன ஆகும்? கால்சியத்திற்கும் சோடியத்திற்கும் இடையிலான மாற்றம் பாதியில் நின்றுவிடும். சமநிலை ஒருபக்கம் முழுமையாகச் சாய வேண்டுமானால், விளைபொருளை அவ்விடத்திலிருந்து அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்வது வேர் மண்டலத்திற்குக் கீழே இறங்கும் நீரும், அந்நீரை ஏற்று வெளியே கொண்டுசெல்லும் வடிகாலும்தான்.

கால்வாய்க் கசிவினால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்துள்ள இடங்களில் நிலைமை கடினமானது. கோடையில் நீர் மேலேறி ஆவியாகும்போது சோடியமும் உடன் வருகிறது. அந்நீரில் சோடியம் பைகார்பனேட் மிகுந்திருந்தால், கரியமில வாயு பிரிந்து மீண்டும் கார்பனேட் உண்டாகிறது. இவ்வாறு சீர்திருத்திய நிலமும் சில ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நிலத்தைத் தரிசாக விட்டாலும் இவ்வபாயம் உண்டு.

நிர்வாகம் கருத வேண்டியது

ஹரியானாவில் 1974ஆம் ஆண்டிலும் உத்தரப் பிரதேசத்தில் 1978ஆம் ஆண்டிலும் இப்பணிக்கென மாநிலக் கழகங்கள் அமைக்கப்பட்டன. 1993ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் உத்தரப் பிரதேசத்தில் பெருந்திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பயிர் காணாத நிலங்களில் நெல்லும் கோதுமையும் விளைந்தன. இந்நிலங்களை உடையோர் பெரும்பாலும் சிறு, குறு விவசாயிகளே. நில விநியோகத்தில் ஏழைகளுக்குக் கிடைத்தது பல இடங்களில் இத்தகைய நிலம்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இப்பணியின் முன்னேற்றத்தை, வழங்கப்பட்ட ஜிப்சத்தின் டன் கணக்கைக் கொண்டு மட்டும் அளப்பது எளிது; ஆனால் போதாது. ஜிப்சம் ஒரு துறையிலும், ஆழ்துளைக் கிணறு வேறொரு துறையிலும், வடிகால் மற்றொரு துறையிலும் வெவ்வேறு ஆண்டுகளில் நிறைவேறினால், செலவு முழுமையாகும், பயன் முழுமையாகாது. வடிகாலைத் தூர்வாரும் செலவு முதலீட்டுக் காலத்தோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட வேண்டும். சீர்திருத்திய நிலத்தின் பி.எச். மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் மீண்டும் அளக்கப்பட வேண்டும். ஓர் ஏழை விவசாயி தன் உழைப்பையும் கடன் பெற்ற பணத்தையும் அந்நிலத்தில் இட்டிருக்கிறார். வடிகால் அடைபட்டால் அதன் இழப்பை முதலில் சுமப்பவர் அவரே.