வீட்டோடு இருக்கும் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் உண்டு

சிம்மோர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டுப் பல காலம் ஆயிற்று. லயத்து வீடுகளில் பாதி காலி. மீதியில் நம்மவர் குடும்பங்கள் சில இன்னும் இருக்கின்றன. கொஞ்ச நாளைக்கு முன்பு நாம் அங்கே போயிருந்தபோது, ஒரு வீட்டு வாசலில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ரப்பர் விதைகளை வைத்து விளையாடிக் கொண்டிருந்தான். ஆற்றோரம் மிச்சமிருக்கும் நாலைந்து மரத்தில் பொறுக்கியவை. பள்ளிக்கூட நேரம் அது.

"தம்பி ஏன் ஸ்கூலுக்குப் போகலே?" என்று கேட்டோம். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாதான் பதில் சொன்னார்.

"அவனுக்குப் பேச்சு வரலீங்க ஐயா. ஏழு வயசுல கூட்டிட்டுப் போனேன். இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் நானும் போகலே."

அப்படிச் சொன்னது எந்தப் பள்ளி என்று இங்கே எழுதப் போவதில்லை. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பேராக்கில் பிறந்து வளர்ந்த நமக்கெல்லாம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது கொஞ்சம் மாறி நடந்தால், "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவோம். அங்கே 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையை வைத்து வந்த பேச்சு இது. மருத்துவமனைக்கு இன்று உலு கிந்தா பஹாகியா என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் நம் வாய் மாறவில்லை. மனநோய் வேறு, கற்பதில் குறைபாடு வேறு, காது கேளாமை வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டியதால், எத்தனையோ பெற்றோர் வெட்கப்பட்டுப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

தோட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு என்றைக்குமே ஏற்பாடு இருந்ததில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி வந்தவைதான் நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். ஒரே வாத்தியார், ஒரே கொட்டகை, நாலைந்து வகுப்பு. அதில் பேச்சு வராத பிள்ளையை யார் கவனிப்பது? ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகளோடு விட்டுவிட்டு, பெற்றவர்கள் பெரட்டுக்கு ஓடினார்கள். அந்தக் கொட்டகையும் பிறகு போய்விட்டது.

இதையெல்லாம் நினைத்துக் கொண்டிருந்தபோதுதான் ஈப்போவில் ஓர் ஆசிரியையைச் சந்தித்தோம். தோட்டத்தில் பிறந்தவர். அப்பா பால் வெட்டிப் படிக்க வைத்த பிள்ளை. தமிழ்ப்பள்ளியில் வேலை. பள்ளி விடுமுறையில், சொந்தக் காசில், சென்னையில் நடந்த சிறப்புக் கல்விப் பயிற்சி ஒன்றுக்கு மூன்று வாரம் போய் வந்திருக்கிறார்.

வெளிநாட்டுப் பயிற்சி என்றாலே நம் நாட்டில் இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். 1952 முதல் 1962 வரை மலாயாவிலிருந்து ஆசிரியர் வேலைக்குப் படிக்கப் போனவர்கள் லிவர்பூல் அருகே கிர்க்பி கல்லூரியில் தங்கிப் படித்தார்கள். துங்கு சுதந்திர நாளை 1956இல் அறிவித்ததும் அங்கேதான். ஆனால் அது ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆசிரியர் சேர்த்த ஏற்பாடு. தோட்டத்து வாத்தியாருக்கு அந்தக் கப்பலில் இடம் கிடையாது.

"சென்னையில அப்படி என்ன டீச்சர் புதுசா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டோம்.

"புதுசுன்னு சொல்ல முடியாதுங்க. பாதி விஷயம் இங்க கோர்ஸ்லயே மலாய்லயும் இங்கிலீஷ்லயும் கேட்டதுதான். ஆனா ஒரு அம்மாகிட்ட உட்கார்ந்து அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. அங்க அம்மாக்களையும் பக்கத்துல உட்கார வெச்சுதான் பாடமே."

சட்டை போடும் பாடத்தை அவர் விவரித்தார். நமக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, சட்டை போட ஒரு பாடமா என்று. கேட்கக் கேட்கத்தான் அதன் நுட்பம் விளங்கியது. நாம் ஒரே வேலையாக நினைப்பதை அவர்கள் எட்டுப் பத்துச் சின்ன வேலையாகப் பிரிக்கிறார்கள். சட்டையை எடுப்பது, ஒரு கையை விடுவது, மறு கையை விடுவது, முன்பக்கம் இழுத்துச் சேர்ப்பது, பிறகு ஒவ்வொரு பொத்தானாக. எல்லாவற்றையும் அம்மாவே செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். அது பழகியதும் கடைசி இரண்டு பொத்தான். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முதலிலிருந்து தொடங்கினால் பிள்ளை பாதியிலேயே தோற்று அழும். கடைசியிலிருந்து வந்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தது அவன்தான். இதற்குச் செலவு ஒரு காசு இல்லை. அம்மாவுக்குப் பொறுமையும், காலையில் பத்து நிமிடமும் வேண்டும். காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிடம் சும்மா கிடைத்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். மாலையில் குளிப்பாட்டிய பிறகு செய்யலாம் என்கிறார் டீச்சர்.

தமிழ்நாட்டில் தென்காசி அருகே ஆய்க்குடி என்ற ஊரை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ்.ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர்கள் கிராமங்களுக்கே போகிறார்கள். வீட்டில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கும் முறையைக் காட்டுகிறார்கள். பஸ் வராத லயத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறு என்ன இருக்கிறது?

ஊர் திரும்பிய டீச்சரிடம் பள்ளியில் இரண்டு பக்க அறிக்கை கேட்டார்களாம். கொடுத்தார். கோப்பில் வைத்தார்கள். பிறகு வழக்கம்போல ஆறாம் வகுப்பு. இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தோட்டத்துப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. 1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசாங்கங்கள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளியே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தன. அதற்குப் பிறகும் நம் நாட்டின் 1997ஆம் ஆண்டு விதிகள், 'கற்பிக்கத் தக்க' பிள்ளைகளுக்கே சிறப்புக் கல்வி என்று கோடு போட்டிருந்தன. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமாயிற்று. 1997 விதிகளுக்குப் பதிலாக 2013இல் புதிய விதிமுறைகள் வந்தன. 2019இல் கல்வி அமைச்சு, சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையை அறிவித்தது. ஆகவே "வளரட்டும், பார்க்கலாம்" என்பது இன்று ஒரு பதிலே ஆகாது. முதலில் அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். பிறகு சமூகநல இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்குப் பதிய வேண்டும். பள்ளி இடத்துக்கு மாவட்டக் கல்வி அலுவலகம். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். அட்டை இல்லாவிட்டாலும் ஊர் பேசத்தான் போகிறது. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் இல்லை என்பது உண்மையான சங்கடம். வகுப்பு இருக்கும் பள்ளி தூரம், வேன் வாடகை அதைவிடத் தூரம்.

நாம் டீச்சரிடம் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னோம். அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டார். வந்தவர் பேசவில்லை, தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பெரிய விதைகள் ஒரு பக்கம், சின்னவை ஒரு பக்கம், வெடித்தவை தனியாக.

"பாத்தீங்களா அக்கா, ரகம் பிரிக்கிறான். கணக்குக்கு இதுதான் முதல் படி" என்றார். பிறகு எழுந்து அவன் பின்னால் போய் நின்று, பலமாகக் கைதட்டினார். பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. பையன் திரும்பவில்லை.

"காது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"இல்லீங்க டீச்சர். பேச்சுதானே வரலேன்னு..."

கிளினிக்கில் காட்டி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைக்கு இப்போது நாள் வாங்கியிருக்கிறார்கள். ஒரு புதன்கிழமை. அப்பாவுக்கு நாள் சம்பளம், அன்றைக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது. மண்டோரிடம் சொல்லிவிட்டாராம். டீச்சரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.