சென்று திரும்பியோரின் சொல்

வெளிநாட்டில் ஓராண்டோ ஈராண்டோ தொண்டு செய்யப் புறப்படும் இளைஞர், பரிந்துரைக் கடிதம் வேண்டித் தம் போதகரை நாடி வருவது இன்று நம் சபைகளில் புதுமையன்று. சென்னைக்கு மேற்கே திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தில் ஊழியஞ்செய்யும் நாமும் இத்தகைய கடிதங்களில் ஒப்பமிட்டு வருகிறோம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, நன்னடத்தைக்குச் சான்று கூறி, ஜெபித்து அனுப்பிவிடுகிறோம். அவர் செல்லும் நாட்டைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது; அங்குச் சென்று திரும்பிய வேறொருவர் அடுத்த சபையிலேயே இருக்கக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதும் இல்லை. திரும்பியவர் புறப்படுவோருக்குச் செய்யக்கூடிய உதவி யாது, அவர் சொல்லை எவ்வளவுக்கு நம்பலாம், அதில் போதகரின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

அனுப்பும் நிறுவனத்திடம் விதிமுறைகள் உண்டு. ஏற்கும் நிறுவனத்திடம் எதிர்பார்ப்புகள் உண்டு. அங்கே வாழ்ந்து பார்த்தவரிடமோ இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மனிதன் படும் பாடு பற்றிய அறிவு உண்டு. முதல் மாதத்தில் வரும் சோர்வு, தனிமை, உணவு ஒவ்வாமை, வேலையே கொடுக்கப்படாமல் கழியும் நாள்கள், வீட்டில் நோயுற்ற தாயைப் பற்றிய கவலை ஆகியன அச்சிட்ட விண்ணப்பத் தாளில் இடம்பெறுவதில்லை. ஆகவே திரும்பியோரின் ஆலோசனை விலையேறப்பெற்றது என்பதில் ஐயமில்லை. எனினும் அது பிழைபடக் கூடியதுமாம். பிழை எங்கே நுழைகிறது என்பதைத் திருமறையே நமக்குக் காட்டுகிறது.

பன்னிருவர் கொண்டுவந்த செய்தி

எண்ணாகமம் 13 ஆம் அதிகாரத்தில் மோசே அனுப்பிய பன்னிருவர் நாற்பது நாள் கானானைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினர். அவர்கள் அனைவரும் கண்டது ஒரே நாடு. நிலம் வளமானது, பட்டணங்கள் அரணிப்பானவை, ஏனாக்கின் புத்திரர் அங்கிருக்கிறார்கள் என்பவற்றில் கருத்து வேறுபாடே இல்லை. காலேப் இவற்றில் எதையும் மறுத்துரைத்ததாகக் காணோம். வேறுபாடு அதிகாரத்தின் கடைசி வசனத்தில் வெளிப்படுகிறது. தாங்கள் தங்கள் பார்வையில் வெட்டுக்கிளிகளைப் போல இருந்ததாகவும், அந்நாட்டவரின் பார்வையிலும் அவ்வாறே இருந்ததாகவும் பதின்மர் கூறினர். முன்னது அவர்களுடைய உள்ளத்தைப் பற்றிய உண்மை. பின்னதை அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? அந்நாட்டார் ஒருவரையேனும் கேட்டறிந்ததாக வேதம் கூறவில்லை. தம் அச்சத்தைப் பிறர் கண்ணில் ஏற்றிப் பார்த்து, அதை நாட்டைப் பற்றிய செய்தியாகவே அறிவித்துவிட்டனர்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் யோசுவா அனுப்பிய இருவர் எரிகோவில் இராகாபின் வீட்டில் தங்கினர். அவர்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்தது சொற்பமே. அந்த ஊர்ப்பெண் ஒருத்தியின் வாய்மொழியைக் கேட்டுத் திரும்பினர். இஸ்ரவேலைப் பற்றிய அச்சத்தால் தம் ஜனங்களின் இருதயம் கரைந்துபோயிற்று என்று அவள் கூறினாள். செங்கடல் வற்றிய செய்தி கேட்ட நாள்தொட்டே அவ்வச்சம் தொடங்கிற்று என்பதும் அவள் கூற்றிலிருந்தே விளங்குகிறது. அப்படியாயின் வெட்டுக்கிளிகள் என்று தம்மை எண்ணியோர் அந்நாளிலேயே உண்மையை முற்றும் தலைகீழாகக் கண்டிருந்தனர். (இவ்விரு பகுதிகளும் நாட்டைக் கைப்பற்றும் வரலாற்றில் வருவன, தொண்டுக்கு அவற்றை முன்மாதிரியாகக் கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. சென்று திரும்பியோர் செய்தி கூறும் முறை ஒன்றையே ஈண்டு நோக்குகிறோம்.)

இதனின்று நாம் பெறும் அளவுகோல் எளிது. திரும்பியவர் கூறுவதில் அந்த ஊரார் ஒருவரின் குரல் கேட்கிறதா? “அவர்கள் நம்மை இப்படித்தான் நினைப்பார்கள்” என்று அவர் கூறும்போது, யார் அவரிடம் அவ்வாறு சொன்னார்கள் என்று வினவிப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

ஹாலேயும் தரங்கம்பாடியும்

நம் சொந்தச் சபை வரலாற்றில் இதற்குத் தக்க சான்று உண்டு. சீகன்பால்கும் புளுட்ச்சோவும் 1706 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் இறங்கியபோது, அவர்களுக்கு முன் அங்கு அப்பணியில் ஈடுபட்டுத் திரும்பிய சீர்திருத்தச் சபையார் எவரும் இலர். ஆலோசனை கூறுவாரின்றி வந்த அவர்கள், டேனிய அதிகாரிகளின் பகைமையையும் மொழியறியாத் திகைப்பையும் தாமே எதிர்கொண்டனர். 1714 இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட சீகன்பால்கு தனியே செல்லவில்லை. பீட்டர் மலையப்பன் என்னும் தமிழர் உடன் சென்றார். 1716 இல் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம், இனிப் புறப்படுவோர் வீட்டிலிருந்தே தமிழைத் தொடங்க வழி செய்தது. திரும்பிய ஊழியரும் அவ்வூர்த் தமிழரும் ஒன்றாக வந்து நின்றது தற்செயலாயினும், அதைவிடச் சிறந்த ஏற்பாட்டை இன்றைய நிறுவனங்களும் பெரும்பாலும் செய்வதில்லை.

இன்னும் நுட்பமான பாடம் பெஞ்சமின் சுல்ட்சேயினுடையது. 1719 இல் இந்தியாவுக்கு வந்த இவர், சீகன்பால்கு ரூத் ஆகமம் வரை விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை நிறைவு செய்தார். தரங்கம்பாடியில் உடன் ஊழியரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பது மிஷன் வரலாற்றில் மறைபொருளன்று. சென்னைக்கு வந்து பணியாற்றியபின், அப்பொறுப்பைப் பப்ரிசியுசிடம் ஒப்புவித்து 1743 இல் தாயகம் திரும்பினார். அவருடைய தமிழ்நடை பப்ரிசியுசுக்கு மனநிறைவளிக்கவில்லை. அவர் நெடுங்காலம் உழைத்துத் திருத்திய புதிய ஏற்பாடு 1772 இல் வேப்பேரியில் அச்சாயிற்று. சுருங்கக் கூறின், குறைகள் பல உடையவராகவே சுல்ட்சே ஹாலேக்குத் திரும்பினார்.

ஆயினும் அங்கே, தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சியில் எழுத்துப் பிழை திருத்த உதவும்பொருட்டு, ஒரு மாணவனுக்குத் தமிழ் கற்பித்தார். அச்சுத் திட்டம் நிறைவேறவில்லை. அம்மாணவரோ 1750 இல் தரங்கம்பாடிக்கு வந்து, நான்கு மாதங்களுக்குள் தமிழில் பிரசங்கம் செய்தார். அவரே தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் நெடுங்காலம் ஊழியஞ்செய்து 1798 இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயர். சுல்ட்சேயிடமிருந்து அவர் மொழியைப் பெற்றார். சச்சரவு மனப்பான்மையைப் பெற்றதாகத் தெரியவில்லை. தென்னாட்டு அரசரும் ஆங்கிலேயரும் ஒருங்கே நம்பிய மனிதராய் அவர் விளங்கினார்.

நம் சபைகளில் இதற்கு நேர்மாறான வழக்கமே காணப்படுகிறது. வெற்றியுடன் திரும்பியவரையே மேடையில் ஏற்றுகிறோம். பணிக்காலம் முடியுமுன் திரும்பிவிட்டவர், நிறுவனத்தாரோடு மனத்தாங்கல் கொண்டவர், நோயுற்று வந்தவர் ஆகியோரை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை; அவர்களும் கூசி ஒதுங்குகின்றனர். பம்பிலியாவிலுள்ள பெர்கேயிலிருந்து நடுவழியில் திரும்பிய யோவான் மாற்குவைப் பவுல் மறுமுறை அழைத்துச்செல்ல உடன்படவில்லை. பர்னபாவோ அவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டான். பிற்காலத்தில் பவுல் பெயரால் எழுந்த 2 தீமோத்தேயு நிருபம் அவனை ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்றே கூறுகிறது. நடுவழியில் திரும்பியவருக்குத் தெரிந்த சில செய்திகள், முழு ஆண்டும் முடித்தவருக்குத் தெரியாமற்போகலாம்: எந்நிலையில் உதவி கேட்டிருக்க வேண்டும், யாரிடம் கேட்டிருக்கலாம், நிறுவனம் அப்போது எவ்வாறு நடந்துகொண்டது என்பவை அத்தகையன.

நம் காலத்தில்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன்னார்வத் தொண்டு அரசாங்கங்களின் ஏற்பாடாகவும் ஆயிற்று. பிரிட்டனில் வி.எஸ்.ஓ. 1958 இலும், அமெரிக்காவின் அமைதிப்படை 1961 இலும் தொடங்கின. அமைதிப்படையினர் 1961 முதல் 1976 வரை இந்தியாவிலும் பணியாற்றினர். அவ்வமைப்பின் சட்டம் வகுத்த மூன்று நோக்கங்களில் ஒன்று, அமெரிக்கர் பிற நாட்டு மக்களைப் புரிந்துகொள்ளச் செய்வது. அது பெரும்பாலும் தொண்டர் வீடு திரும்பிய பின்னரே நிறைவேறக்கூடியது. திரும்புவதையும் பணியின் ஒரு பகுதியாகக் கருதிய அத்தெளிவு மெச்சத்தக்கது.

2008 இல் ஜெர்மன் அரசு தொடங்கிய ‘வெல்ட்வேர்ட்ஸ்’ திட்டத்தில் ஓராண்டுப் பணிக்கு 25 நாள் பயிற்சி வகுப்புகள் கட்டாயம். அவற்றில் முன்னாள் தொண்டர்கள் துணைநிற்பது வழக்கம். 2013 முதல் அத்திட்டத்தில் தென்னாட்டு இளைஞர் ஜெர்மனிக்குச் செல்லவும் வழி திறக்கப்பட்டது. ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள இ.எம்.எஸ். என்னும் அருட்பணிக் கூட்டமைப்பில் தென்னிந்தியத் திருச்சபையும் உறுப்பாயிருப்பதால், நம் இளைஞருக்கு இது தொலைவான செய்தியன்று.

இந்நிலையில் ஆயர் லெஸ்லி நியூபிகின் அவர்களை நினையாதிருக்க இயலாது. காஞ்சிபுரத்தில் ஊழியஞ்செய்து, 1947 இல் மதுரை-இராமநாதபுரம் ஆயராகவும், 1965 முதல் 1974 வரை சென்னை ஆயராகவும் விளங்கியவர் அவர். 1974 இல் ஓய்வுபெற்றபோது அவரும் துணைவியாரும் பேருந்துகளில் ஏறி இறங்கித் தரை வழியாகவே இங்கிலாந்து சென்றனர் என்பது அவரை அறிந்தோர் விரும்பிச் சொல்லும் செய்தி. அதன்பின் ஐந்தாண்டுகள் பர்மிங்காமிலுள்ள செல்லி ஓக் கல்லூரிகளில், அயல்நாட்டு ஊழியத்துக்குப் புறப்படுவோருக்குக் கற்பித்தார். 1978 இல் வெளிவந்த அவருடைய அருட்பணி இறையியல் நூல் அவ்வகுப்புகளிலிருந்து எழுந்ததேயாம். தாயகத்துக்குத் திரும்பியதில் மிகக் கடினமாயிருந்தது எது என்று வினவியோருக்கு, நம்பிக்கை மறைந்துபோனதே என்னும் கருத்தில் அவர் விடையளித்தார். சென்னைச் சேரிகளிலும் கண்ட நம்பிக்கையை அவர் அங்கே காணவில்லை. ஐரோப்பா செல்லும் தமிழ் இளைஞர், குளிருக்கான உடுப்பைப் பற்றிக் கேட்குமுன் இதைக் கேட்டறிவது நன்று. ஞாயிறு ஆராதனையில் முதியோர் சிலர் மட்டும் அமர்ந்திருக்கும் பேராலயத்தை முதன்முறை காணும்போது, பழிக்கவும் பெருமைகொள்ளவும் எழும் எண்ணத்தை அது அடக்கும்.

போதகர் செய்யக்கூடியது

திரும்பியோரின் அறிவு விரைவில் பழையதாகிவிடும். திருவேற்காட்டையே எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளுக்கு முன் இங்குத் தங்கிப்போன அயல்நாட்டுத் தொண்டர் ஒருவர், கூவத்தின் கரையில் வயல்களையும் ஆடி மாதத்தில் கருமாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தையும் நினைவில் வைத்திருப்பார். கூட்டம் இன்றும் உண்டு. வயல்கள் பலவும் மனைகளாகி, அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. அவர் சொல் கேட்டு வருபவர் கிராமத்தை எதிர்பார்த்து வந்து, நெரிசல் மிகுந்த புறநகரைக் கண்டு ஏமாற்றமடைவார். நாம் அனுப்பும் இளைஞருக்கும் இதுவே நேரும். ஆகவே திரும்பியவர் தாம் எந்த ஆண்டில் அங்கிருந்தார் என்பதை முதலில் சொல்லித் தொடங்குவது நல்லது. இடத்தைப் பற்றிய செய்தி மாறினாலும், முதல் மூன்று மாதங்களில் தம் உள்ளத்தில் நிகழ்ந்ததைப் பற்றி அவர் கூறுவது எளிதில் பழுதாவதில்லை. அதையே மிகுதியாகக் கேட்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் கேட்டு வருபவரிடம், அங்குச் சென்று திரும்பிய ஒருவரோடு பேசினீர்களா என்று நாம் கேட்கலாம். இல்லையெனில் பேசிய பின் வரும்படி சொல்லலாம். இது தடையன்று, பாதுகாப்பு. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர் பலர் மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியது 2022 இல் வெளிவந்தது. தொண்டு என்ற பெயரிலும் முன்பணம் கேட்போர் உண்டு. ஒரு நிறுவனத்தின் வழியாகச் சென்று திரும்பியவர் ஒருவரைக்கூட அந்நிறுவனத்தால் காட்ட இயலாதெனில், நாம் ஒப்பமிடத் தயங்குவதே முறை.

இவ்வுரையாடல் ஒரு மாலையில் முடிவதன்று. அப்போஸ்தலர் 14 ஆம் அதிகாரத்தின் முடிவில், பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவில் சபையைக் கூட்டித் தேவன் செய்தவற்றை அறிவித்த பின், சீஷருடனேகூட அங்கே நெடுநாள் தங்கியிருந்தனர் என்று காண்கிறோம். அறிக்கை ஒரு நாள், தங்கியிருத்தல் நெடுநாள். நம் சபைகளிலோ திரும்பியவருக்குப் பொன்னாடை போர்த்தி, பத்து நிமிடம் சாட்சி சொல்லச் செய்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அப்பத்து நிமிடத்தில் அவர் கசப்பானதை எவ்வாறு கூறுவார்? பெற்றோர் முன்னிலையிலும் நன்கொடையாளர் முன்னிலையிலும் ஒருவர் சொல்வது வேறு. புறப்படவிருக்கும் தம்பியிடமோ தங்கையிடமோ தனியே சொல்வது வேறு.

பெண்கள் புறப்படும்போது, சென்று திரும்பிய பெண் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்தல் மிகவும் அவசியம். தங்குமிடத்தின் பாதுகாப்பு, இரவுப் பயணம், அத்துமீறி நடப்பவரைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்பவை போதகர் அறையில் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை.

இறையியற் கல்லூரி மாணவர் விடுமுறைக் காலத்தில் தம் வட்டாரச் சபைகளில் இத்தகையோர் எவரெவர் உளர் என விசாரித்து, அவர்களின் ஒப்புதலோடு, சென்ற நாடு, தங்கிய ஆண்டு, செய்த பணி ஆகியவற்றை ஒரு ஏட்டில் குறித்து வைக்கலாம். முன்கூட்டியே திரும்பியோரையும் கேட்டு அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள சபையார் ஒருவரின் முகவரியையும் அவரவரிடம் பெற்றுச் சேர்த்தால், புறப்படுவோர் இருதரப்பின் சொல்லையும் கேட்க இயலும். ஆலோசனை கூற வருபவருக்குப் பேருந்துக் கட்டணத்தைச் சபை நிதியிலிருந்தே கொடுத்துவிடலாம்.