வார்டில் தொடங்கும் அரசியல் பாடம்

பெங்களூரு மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு 2020 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்தது. ஐந்தாண்டுக் காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-யு பிரிவு. ஆனால் தேர்தல் நடக்கவில்லை. 198 வார்டுகளும் ஆண்டுக்கணக்கில் கவுன்சிலர் இல்லாமலே இருந்தன. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. நகர உள்ளாட்சிகள் பற்றிய 74-வது அரசியலமைப்புத் திருத்தத்தைப் பாடமாகப் படிக்கும் இளங்கலை மாணவருக்கு, சட்டம் சொல்வதும் தெருவில் நடப்பதும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

இந்த வாய்ப்பை ஆய்வாக மாற்றுவது வழிகாட்டும் ஆசிரியரின் கையில் இருக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் ‘பெங்களூரில் உள்ளாட்சி ஜனநாயகம்’ போன்ற தலைப்போடுதான் வருவார்கள். அது ஒரு வாழ்நாள் வேலை. கவுன்சிலர் இல்லாத காலத்தில், சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒரு குறிப்பிட்ட வார்டு மக்கள் யாரிடம் போனார்கள்? எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கா, வார்டு இன்ஜினீயரிடமா, பழைய கவுன்சிலர் வீட்டுக்கா? இப்படிச் சுருங்கிய கேள்விக்கு ஒரே செமஸ்டரில் விடை தேட முடியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குக் கைகொடுக்கிறது. கர்நாடக விதிகளின்படி ஒரு மனுவில் ஒரே பொருளைப் பற்றித்தான் கேட்கலாம், அதுவும் 150 சொற்களுக்குள். குடிமக்களுக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் கேள்வியைக் கூர்மையாக்கப் பழகும் மாணவருக்கு நல்ல பயிற்சி. கட்டணம் 10 ரூபாய். பதில் வர 30 நாள் ஆகலாம், மேல்முறையீடு என்றால் இன்னும் தள்ளிப்போகும். எனவே செமஸ்டரின் முதல் வாரத்திலேயே மனுவை அனுப்ப வைக்கும் ஆசிரியரே விவரம் அறிந்தவர்.

காகிதத்தில் கிடைக்காததை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், அல்சூர் போன்ற பகுதிகளில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு எல்லாம் கலந்து புழங்குகின்றன. ஆங்கிலக் கட்டுரையில் திணறும் தமிழ் மாணவர் அங்கே வகுப்பின் மிகச் சிறந்த ஆய்வாளராக இருக்கக்கூடும். பேட்டிக்கு முன் ஒப்புதல் பெறுவது, பெயரை மறைப்பது, தலைவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் வாடகை வீட்டுப் பெண்களிடமும் பேசுவது ஆகியவற்றை ஆசிரியர் கூடவே போய்க் காட்டித் தர வேண்டும். வகுப்பறையில் சொல்லிப் புரியவைக்க முடியாதவை இவை.

களத்தின் வலிமைக்குக் கர்நாடகத்திலேயே சான்று உண்டு. மைசூரில் பிறந்த சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948-ல் அந்த வட்டாரக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ‘ஆதிக்கச் சாதி’ என்ற கருத்தாக்கம் அவருடையது. இன்று டீக்கடை வரை புழங்கும் ‘வாக்கு வங்கி’ என்ற சொல்லை 1950-களில் முதலில் எழுதியவராகவும் அவரே பொதுவாகக் கருதப்படுகிறார். பின்னாளில் பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி.ராவுடன் சேர்ந்து, 1972-ல் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு.

வரலாற்றில் நாட்டமுள்ள மாணவருக்கு ஆய்வுப் பொருளாக, திவான் ரங்காச்சார்லு காலத்தில் 1881-ல் தொடங்கிய மைசூர் பிரதிநிதிகள் சபை இருக்கிறது. சமஸ்தான இந்தியாவில் இத்தகைய சபைகளுக்கு அதுவே முன்னோடி.

தேசியக் கல்விக் கொள்கையின்படி இளங்கலைப் படிப்பில் ஆய்வுக்கென நான்காம் ஆண்டு வந்தது. ஆனால் கர்நாடக அரசு 2024-ல் தன் பல்கலைக்கழகங்களை மூன்றாண்டுப் பட்டத்துக்கே திருப்பிவிட்டது. ஏழை மாணவருக்கு ஓராண்டுச் செலவு மிச்சம் என்பது உண்மை. அதற்காக ஆய்வையும் அவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களே போதும். ஆய்வு முடிந்ததும் அதன் சுருக்கத்தை அந்தப் பகுதி மக்களின் மொழியில் எழுதி, பேட்டி கொடுத்தவர்களிடம் சேர்ப்பதற்கும் கல்லூரிகள் மதிப்பெண் தர வேண்டும்.